பெயரிடாத பிள்ளைக்கும் வைத்தியம் பெற்றுத்தந்த பத்மாதேவி அம்மையாருக்கு

மலைநாட்டு மழலையரின் மருந்துக்கு வழிசமைத்தவரே, கண்டிப்பும் கனிவும் கலந்து கண்டி அலுவலகத்தின் கண்ணாய் விளங்கியவரே, கலவரமும் போரும் கலக்கிய காலத்திலும் கடமை வழுவாதவரே, ஓய்வுபெறும் திருமதி பத்மாதேவி தியாகராஜா அம்மையாரே, வணக்கம்!

தம் புகழ் கேட்டால் அம்மையார் எழுந்து தேநீர் ஊற்றப் போய்விடுவார். ஆதலால் சபையோரே, கதையை உங்களிடமே சொல்கிறோம்.

அரசு பணம் கொடுக்கும். தனியார் கம்பனி தன் வைத்தியசாலைகளில் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கும். இதுவே எங்கள் சிறுவர் மருத்துவக் காப்புத் திட்டம். அதற்கான ஒப்பந்தங்களைப் பேசி முடிப்பது அம்மையாரின் பணி. பெயர் பதிந்த பிள்ளைக்கே சிகிச்சை என்று முதல் ஒப்பந்தம் சொன்னது. அது எவர் கண்ணையும் உறுத்தவில்லை, அம்மையார் கண்ணையும்தான்.

எண்பத்து மூன்றின் கலவரச் சூடு ஆறாத ஒரு காலை. ஹேவாஹெட்டத் தோட்டத்து வடிவம்மா, மூச்சுத் திணறும் பச்சைக் குழந்தையோடு கண்டியிலே கம்பனியின் வைத்தியசாலை வாசலில் நின்றார். பிள்ளையின் பெயரைக் கேட்டார்கள்.

"முப்பத்தொண்ணு நாள் கழிஞ்சாத்தாங்க பேரு வைப்போம்" என்றார் தாய். பெயரில்லையேல் இடமில்லை என்றார்கள்.

எங்கள் அலுவலகத் தொலைபேசியில் செய்தி வந்தது. தமிழர் தெருவில் இறங்கத் தயங்கிய நாள் அது. அம்மையாருக்கும் அந்த அச்சம் இருந்தது. எங்களோடு பணிசெய்த மஹ்ரூபைத் துணைக்கழைத்து நடந்தே போனார்.

"பிள்ளையை உள்ளுக்கு எடுங்கோ. கேள்வி வந்தா என்ர வேலை போகட்டும்" என்றார்.

பிள்ளை பிழைத்தது. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். அம்மையார் அசைந்து கொடுக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கக் கம்பனி முகாமையாளர் ராஜலிங்கம் வந்தார். பிறந்த கணத்திலிருந்தே காப்பு, இல்லையேல் கையொப்பம் இல்லை என்று அம்மையார் கதிரையை விட்டு நகரவில்லை. கம்பனி விலகினால் அத்தனை பிள்ளைகளுக்கும் வைத்தியம் நின்றுவிடும்.

"பேரில்லாத பிள்ளைய எப்படிம்மா பதியிறது?" என்று சலித்தார் முகாமையாளர்.

"தாயின்ர பேரை எழுதுங்கோ. பெத்தவளுக்குப் பேர் இருக்குத்தானே."

முகாமையாளர் பேனாவைத் திறந்தார்.

அம்மையாரே, உங்களோடு பணிசெய்தோம் என்பதே எங்கள் பெருமை. உடல்நலமும் உள்ளநிறைவும் ஓங்க நீங்கள் நெடுங்காலம் வாழவேண்டும். தாயின் பெயரால் அன்று உயிர்தப்பிய பிள்ளைகள், இன்று பள்ளிக்கூடத்தில் தத்தம் பெயரைத் தாமே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

என்றும் உங்கள் அன்பில்,
அலுவலக ஊழியர்கள்
கண்டி, 1993