சாம்பல் கரைக் கீழாநெல்லி

காடை வளர்ப்பது பெரிய வித்தை இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். மொட்டைமாடியில் இரண்டு கூண்டு, தண்ணீர், தீவனம் போதும்.

குணசுந்தரியின் மகள் ஆஸ்பத்திரியில் கிடப்பதற்கு என் முட்டைதான் காரணமா என்று கேட்டீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

நான் விலங்கியல் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மருந்து மாத்திரை இல்லாமல் வளர்க்க, கீழாநெல்லியைக் காயவைத்துப் பொடித்துத் தீவனத்தில் கலந்தேன். கத்திவாக்கத்தில் என் முட்டைக்குப் பெயர் இருந்தது.

ஒரு மழைக்குப் பிறகு, அனல்மின் நிலையம் சாம்பலைக் கொட்டும் குட்டையின் கரையில் கீழாநெல்லி அடர்ந்து கிடந்தது. அதை ஒரு கூண்டுக்கும், வீட்டுத் தொட்டியில் வளர்ந்ததை இன்னொரு கூண்டுக்கும் கொடுத்தேன். ஒப்பிடாமல் எதையும் நான் நம்புவதில்லை. சாம்பல் கரைக் கூண்டில் முட்டை ஓடு மெலிந்தது. பறவைகள் காலை இழுத்தன.

அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஊர்க் கூட்டத்துக்குப் போனேன். அந்தக் கரை மண்ணைச் சோதித்த அதிகாரி அசோகன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மண்ணுல ஒண்ணும் இல்லம்மா. டிகிரி வாங்கிட்டு காடை மேய்க்கிறியா?”

“இன்னா டாக்டரம்மா, காடைக்கு மாவுக்கட்டு போட்டுகினு வர்றதுதான?” என்றான் பக்கத்து வீட்டுத் தீனா. எங்கள் ஜனமே சிரித்தது.

அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்பவள்போல அசோகன் வீட்டுக்கு முட்டை கொண்டுபோனேன். “மூலிகை முட்டை சார். உங்க பேரனுக்கு நல்லது.” எந்தக் கூண்டு முட்டை என்று அவர் கேட்கவில்லை. மண்ணில் ஒன்றுமில்லை என்றவர், அந்த மண்ணைத் தின்று பார்க்கட்டுமே. வாரா வாரம் கொடுத்தேன்.

ஒருநாள் அந்த வீட்டில் வேலை செய்யும் குணசுந்தரி வாசலில் பிடித்துக்கொண்டாள். எங்கள் பக்கத்துத் தெருக்காரி.

“யக்கா, இந்த வூட்ல உன் முட்டைய ஒருத்தரும் தொடறதில்ல. கவுச்சி அடிக்குதுன்னு என்கிட்ட குடுத்துடறாங்கோ. எம்பொண்ணு இன்னாமா துன்னுது தெரியுமா? நீ நல்லாருக்கணும்க்கா.”

அவளை நான் நம்பவில்லை. அசோகன்தான் சொல்லிக்கொடுத்து என்னை ஆழம் பார்க்கிறாரோ என்று தோன்றியது. திடீரென்று நிறுத்தினால் அவருக்குச் சந்தேகம் வரும். என்றைக்காவது அந்த வீட்டு அடுப்பிலும் ஒரு முட்டை வேகாதா? வழக்கம்போலக் கொண்டுபோனேன்.

பிறகு அந்தப் பிள்ளை பால்வாடிக்குப் போவதைப் பார்த்தேன். ஒரு காலை இழுத்து நடந்தது. அந்த நடை எனக்குத் தெரியும். அந்த வாரமும் கொடுத்தேன்.

எனக்கு அந்தப் பிள்ளைமேல் என்ன கோபம், மேடம்? அது எங்கள் ஊர்ப் பிள்ளை. பிறந்ததிலிருந்து இந்தக் காற்றும் இந்தத் தண்ணீரும்தான். அசோகன் பேரனைப் போலவா? அதன் உடம்புக்கு இதெல்லாம் பழகியிருக்கும் என்றுதான் நினைத்தேன்.