படத்தில் இல்லாத ஏழு குடிசைகள்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் யாருக்குத்தான் வேலை ஓடும்? எனக்கும் ஓடவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. ஜில்லா போர்டில் இருபது வருஷமாக ஓவர்சியர் நான். வடகரைப் பக்கம் புதுச் சாலைக்குத் திட்டப்படம் கேட்டார்கள். சங்கிலி போட்டு அளந்து, வழியிலுள்ள வீடு, கிணறு எல்லாம் குறிக்க வேண்டும். நான் காலையில் அருவியில் குளித்துவிட்டு, பங்களாவில் உட்கார்ந்து பழைய படத்தைப் பார்த்து வரைந்தேன். மலையடிவாரத்தில் ‘குடியிருப்பு இல்லை’ என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

மாசியில் சாலைக்கு எல்லைக்கல் நடப் போனபோது அங்கே ஏழு குடிசைகள் இருந்தன. மூக்கம்மாள் என்ற விதவை வந்து படத்தைக் காட்டச் சொன்னாள். அதில் குடியிருப்பே இல்லை என்று எழுதியிருப்பதை, சங்கிலி பிடிக்கும் சுடலையாண்டி அவளிடம் சொன்னான்.

"ஐயா, நாங்க இங்கனதான இருக்கோம். நாலு பிள்ளைக இங்கன பொறந்திருக்கு. உங்க படத்துல மட்டும் எப்படி இல்லாமப் போனோம்?" என்றாள்.

படத்தைத் திருத்தியிருக்கலாமே என்பீர்கள். திருத்தினால், போய்ப் பார்க்காமல் வரைந்தேன் என்றாகிவிடும். அவள் மனுப் போட்டாள். விசாரிக்கப் பெரிய இன்ஜினீயர் நேரில் வருவதாகக் கடிதம் வந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. படமும் இடமும் ஒத்துப்போகாவிட்டால் வேலை போய்விடும். இரண்டில் எதை மாற்றுவது சுலபம் என்று யோசித்தேன்.

அவர் வருவதற்கு முந்தின நாள் உச்சிவேளையில் போனேன். பிசான நெல் அறுவடை நேரம். எல்லோரும் வயலுக்குப் போகும்போது பிள்ளைகளை மூக்கம்மாளிடம் விட்டுப்போவது வழக்கம். அது எனக்குத் தெரியும், மறைக்கவில்லை. மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி மரியாதையாகத்தான் கேட்டேன்.

"மாட்டேன். நாளைக்கு அந்த ஐயாவக் கூட்டிட்டு வந்து வீடு வீடாக் காட்டுவேன்" என்றாள்.

கல் நடும் கடப்பாரை கையில் இருந்தது. ஒரே அடியில் முடியும் என்று நினைத்தேன். எழுந்துவிட்டாள். மூன்றாவதில் அடங்கினாள். வாசலில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளை உள்ளே இழுத்துப் போட்டு, அவர்களையும் உள்ளே அனுப்பி, வெளியே நாதாங்கியை மாட்டினேன். மண்ணெண்ணெய் கொஞ்சம்தான் இருந்தது. ஓலை நன்றாகக் காய்ந்திருந்ததால் போதுமானதாக இருந்தது. சத்தம் சிறிது நேரம் கேட்டது. மலைக்காற்று மற்ற ஆறு குடிசைகளையும் பார்த்துக்கொண்டது.

வயலிலிருந்து ஓடி வந்தவர்கள் அடுப்புத் தீ என்று நினைத்து அழுதார்கள். சர்க்கார் நிலத்தில் குடியிருந்ததற்குக் கேஸ் வரும் என்று நான் எடுத்துச் சொன்னேன். மாலையே அடக்கம் செய்துவிட்டு ராயகிரிக்குச் சொந்தக்காரர்களிடம் போய்விட்டார்கள்.

மறுநாள் பெரிய இன்ஜினீயர் சாம்பல் ஓரமாக நின்று படத்தை விரித்தார். செருப்பில் ஒட்டிய கரியை உதறினார். படமும் இடமும் ஒத்திருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் கடப்பாரையோடு போனதைப் பார்த்த சுடலையாண்டிக்கு மட்டும் மனது கேட்கவில்லை, உங்களிடம் வந்துவிட்டான்.

எத்தனை பேர் என்று கேட்டீர்கள். மூக்கம்மாள், பிள்ளைகள் நான்கு. ஐந்து பேரையும் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். படம் தப்பு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. அது நேரில் பார்த்துச் சரி என்று எழுதப்பட்ட படம்.