கலர் பொருந்திய இடம்

இந்த மேசைக்கு வார்னிஷ் அடித்தவன் தூசி தட்டாமல் அடித்திருக்கிறான், சார். கையை வைத்தாலே ரவை ரவையாகத் தட்டுப்படுகிறது. தப்பாக நினைக்காதீர்கள், தொழில் புத்தி. கல்யாணத்துக்குப் போனாலும் மணப்பெண்ணுக்கு முன்னால் என் கண்ணில் படுவது பந்தி மேசைதான்.

பெயர் குப்புராஜ். வயது நாற்பத்தொன்பது. கடத்தூரில் ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறேன். பாத்ரூம் கதவு, தண்ணீர்த் தொட்டி மூடி, கடை வாசலில் நிற்கிற ஐஸ்கிரீம் பொம்மை எல்லாம் செய்வேன். படகு மட்டும் செய்ததில்லை. நம் மாவட்டத்தில் ஒகேனக்கல்லை விட்டால் தண்ணீரையே தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கேயும் ஓடுவது பரிசல்.

புங்கனேரி பிரசிடெண்ட் மாதவராஜ் ஊர் ஏரியைத் தூர் வாரி, கரையில் இரண்டு சிமெண்ட் கொக்குகளை நிறுத்தி, 'சுற்றுலாத் தலம்' என்று போர்டும் மாட்டிவிட்டார். கொக்கைவிடப் போர்டு பெரிது. போர்டில் பாதி அவர் முகம். பாக்கி இருந்தது படகு ஒன்றுதான். எங்கோ ஏலத்தில் விட்ட பழைய ஃபைபர் படகை லாரியில் கொண்டுவந்து படித்துறையில் கவிழ்த்துப் போட்டிருந்தார். எட்டுப் பேர் உட்காரலாம். ஒரு காலத்தில் வானநீலமாக இருந்திருக்கும். நான் பார்த்தபோது சாம்பல் பூத்துக் கிடந்தது. விரலை வைத்தால் சுண்ணாம்பாக ஒட்டியது.

"ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிச்சு வுட்டுடு குப்புராஜ். வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி தொறப்பு விழா" என்றார்.

ஃபைபருக்குப் பெயிண்ட் அடிப்பது முகம் கழுவாமல் பவுடர் போடுவது மாதிரி, சார். அதற்கென்று சொந்தமாக ஒரு மேல்தோல் உண்டு. ஜெல்கோட் என்போம். வெயிலில் செத்துப்போவது அதன் மேல்பொடி மட்டும்தான். தண்ணீர் விட்டு, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அறுநூறு நம்பர், ஆயிரம், பிறகு இரண்டாயிரம். அதன்பின் காம்பவுண்ட் என்கிற பசையைத் தடவி மெஷினில் பஃபிங் மெருகு, கடைசியாக வேக்ஸ். புதிதாக எதையும் பூசுவதில்லை. உள்ளே இருக்கிற நிறத்தையே வெளியே வரவழைக்கிறோம். இதைப் பிரசிடெண்ட்டிடம் பொறுமையாகச் சொன்னேன். அவர் பக்கத்தில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"படகைக் குளிப்பாட்டப் போறாராம்பா. தலைக்கு ஊத்திச் சாம்பிராணியும் போடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் தும்மினாலும் சிரிக்கிறவர்கள். எனக்குக் கோபம் வரவில்லை. முன்விரோதம் உண்டா என்று கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

தேய்க்க ஆரம்பித்தேன். தினம் பத்துப் பேர் வந்து, "இன்னுமா முடியல?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தண்ணீருக்கு மோட்டார் போடச் சொன்னால் கரண்ட் இல்லை. கரண்ட் வந்தால் மோட்டார் ரூம் சாவி பிரசிடெண்ட்டின் மச்சான் பையில். பஃபிங் முடித்த முன்பக்கத்தில் ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் பிரசிடெண்ட்டின் ஸ்டிக்கர், இரண்டடி உயரத்துக்கு. அதை உரித்துப் பசையைத் துடைக்க அரை நாள் போயிற்று. மறுநாள் அதைவிடப் பெரிதாக ஒன்று ஒட்டியிருந்தார்கள்.

அங்கே வேலையை வேலையாகப் பார்த்த ஒரே ஆள் சாலம்மாள். ஏரிக்கரையைக் கூட்டுகிறவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மூன்றாம் நாள் படகின் பக்கவாட்டில் குனிந்து பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டார்.

"தம்பி, வூட்டுக் கண்ணாடியில நான் இவ்ளோ நல்லா இருக்கறதில்ல."

"கண்ணாடியை மாத்துங்க்கா."

"மூஞ்சிய மாத்தச் சொல்லாம வுட்டியே, புண்ணியமாப் போவும்" என்று சிரித்தார். பதினொரு வருஷமாக அந்தக் கரையைக் கூட்டுகிறாராம், அக்கரையை மிதித்ததில்லையாம். "ஒரு தடவை இதுல ஏறி அந்தாண்ட போயிட்டு வரணும் தம்பி. எங்கள எல்லாம் ஏத்துவாங்களா?" என்று கேட்டார். முதல் ரவுண்டிலேயே ஏற்றிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்கைக் காப்பாற்றியும்விட்டேன்.

ஏழாம் நாள் படகின் அடிப்பக்கத்தைத் தேய்த்தேன். பொடி போனதும் பின்சீட்டுக்கு நேர் கீழே ஒரு வெடிப்பு தெரிந்தது. முழ நீளம் இருக்கும். சுற்றிலும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். நல்ல ஃபைபர் 'டக்' என்று பேசும். இது 'டொப்' என்றது. உள்ளே அடுக்கு பிரிந்து தண்ணீர் குடித்திருக்கிறது என்று அர்த்தம்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணடிக்க மாட்டேன். கெட்டதை வெட்டி எடுத்து, காயவிட்டு, நாலு அடுக்கு ஃபைபர் மேட் விரித்து, ரெசின் பசை ஊற்றி, மேலே புது ஜெல்கோட் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் பிடிக்கும். விழா தள்ளிப்போகும். அதைக்கூடப் பேசிச் சமாளித்திருப்பேன். சிக்கல் வேறு. புது ஜெல்கோட் இருபது வருஷ நீலத்தோடு சேராது. முறம் அளவுக்கு ஒட்டுப் போட்டது அப்பட்டமாகத் தெரியும். தண்ணீருக்குக் கீழே போகிற இடம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்பீர்கள். நான் பார்ப்பேன், சார்.

காரில் பள்ளம் அடைக்கிற பட்டிப் பசையை எடுத்தேன். கார் கதவுக்கு அது அருமையான சாமான். தண்ணீரில் ஊறினால் பிஸ்கட். அதில் கலர் சேர்த்து, டப்பா மூடியில் பதினொரு தடவை தடவித் தடவிப் பார்த்து, பன்னிரண்டாம் தடவை அந்த நீலத்தைப் பிடித்தேன். வெடிப்பில் அடைத்துத் தேய்த்து வேக்ஸ் போட்டதும் எனக்கே இடம் தெரியவில்லை.

படகு ஓட்ட வந்த மாரப்பன் ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளியவன். நிமிர்த்தி வைத்த படகில் ஏறி நின்றதுமே அவனுக்குச் சந்தேகம்.

"அண்ணா, பின்சீட்டாண்ட கால் வெச்சா அமுங்குதுங்க."

"ஃபைபர்னா கொஞ்சம் குடுக்கத்தான் செய்யும். பரிசல் குடுக்காதா?"

"குடுக்குங்க" என்று ஒப்புக்கொண்டான். ஃபைபர்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினான்.

வெள்ளிக்கிழமை மைக், மாலை, பூசணிக்காய். வண்டிக்குப் பூஜை போட்டால் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவோம் இல்லையா. படகுக்குச் சக்கரம் இல்லை. அதற்காக எலுமிச்சையை விட முடியுமா என்று பிரசிடெண்ட் கேட்டார். படித்துறைக் கல்லில் நாலு பழம் வைத்து, அதன்மேல் படகின் பின்பக்கத்தை எட்டுப் பேர் தூக்கி வைத்தார்கள். பழம் நசுங்காமல் உருண்டு ஓடியது. "மொத பூஜையிலயே பழம் நசுங்கலன்னா ஊருக்கு ஆவாதுப்பா. நல்லாத் தூக்கிப் போடுங்க" என்றார். இரண்டாம் தடவையும் ஓடியது. மூன்றாம் தடவை இடுப்புயரம் தூக்கிப் போட்டார்கள். பழம் வெடித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது, கைதட்டினார்கள். அதற்கடியில் இன்னொரு சத்தம் வந்தது. அப்பளம் உடைகிற மாதிரி. அது எனக்கு மட்டும் கேட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். "பழைய படகைப் புதுசாக்கித் தந்த நம்ம குப்புராஜ் அவர்கள்" என்று பிரசிடெண்ட்டே சொன்னார். குளிப்பாட்டுகிறவன் என்று சிரித்த அதே வாய். பொன்னாடை போர்த்தினார். எனக்கு வாழ்க்கையில் முதல் பொன்னாடை. அதைத் தோளில் வைத்துக்கொண்டு படகைக் கவிழ்த்துப் பாருங்கள் என்று எப்படிச் சொல்வது. நீங்களே யோசியுங்கள்.

பிரசிடெண்ட் படகில் ஏறிப் போட்டோ எடுத்துக்கொண்டு, வேட்டி நனையும் என்று இறங்கிவிட்டார். புது லைஃப் ஜாக்கெட்டுகள் பாலிதீன் உறையோடு ஆணியில் தொங்கின. பெரிய அதிகாரி யாராவது வரும்போதுதான் பிரிக்க வேண்டுமாம். கரையில் நின்றவர்களில் ஐந்து பேர் ஏறினார்கள். சாலம்மாள் புதுச் சேலையில் தயங்கி நின்றார். நான்தான் கை கொடுத்து ஏற்றினேன். முன்னால் உட்கார்ந்தால் தண்ணீர் தெறிக்கும் என்று பின்சீட்டில் உட்காரச் சொன்னேன்.

"நீயும் வா தம்பி. நீ இழைச்ச படகு, நீ ஏறாம எப்படி?"

"இல்லீங்க்கா. நீங்க போயிட்டு வாங்க. நான் போட்டோ எடுக்கறேன்."

எடுத்தேன். போனில் இருக்கிறது, பாருங்கள். சிரிக்கிறார்.

கரையிலிருந்து முப்பதடி தள்ளித் தூர் வாரிய பள்ளம், இரண்டு ஆள் ஆழம். அங்கே போனதும் பின்பக்கம் தாழ்ந்தது. மாரப்பன் ஒவ்வொருவராக இழுத்து வந்து ஐந்து பேரைக் கரை சேர்த்தான். சாலம்மாளைச் சாயங்காலம்தான் எடுத்தார்கள்.

எனக்கு யார்மேலும் பகை கிடையாது. அந்த அம்மாள்மேல் மரியாதைதான். வேலையின் அருமை தெரிந்த மனுஷி, அவ்வளவு சுலபத்தில் கிடைக்க மாட்டார்கள். பட்டி நிற்காது என்று எனக்குத் தெரியும். உடைந்த சத்தமும் கேட்டது. தெரிந்தேதான் ஏற்றி அனுப்பினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் விட்டுப்போகக் கூடாது. படகைக் கரையேற்றிக் கவிழ்த்தபோது கிட்டே போய்ப் பார்த்தேன். நடுவில் பட்டி பிய்ந்து போயிருந்தது. ஓரத்தில் நாலு விரல் அகலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய நீலம் எங்கே முடிகிறது, என்னுடையது எங்கே ஆரம்பிக்கிறது என்று உங்கள் ஆட்களால் சொல்ல முடியவில்லை, சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.