சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தம்

ஒன்றை ஒடித்துப் பார்க்காமல் நான் முள்ளங்கி வாங்கியதே இல்லை. கடைக்காரர் முறைப்பார். "ஒடிச்சதையும் சேர்த்தே நிறுப்பா" என்பேன். சமையலுக்கு இல்லை. ஈரத்துண்டில் சுற்றி முறுக்கினால் கை எலும்பு உடைகிற சத்தம் வரும். முள்ளங்கி வாடியிருந்தால் எலும்பும் வாடித்தான் உடையும்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்து, "அவசரமில்ல, நிதானமா எழுதுங்கம்மா" என்றதால் எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் சினிமாவுக்குச் சத்தம் போட்டவள் நான். திரையில் குத்து விழும்போது, மைக்குக்கு முன்னால் ஈரத்துணி மூட்டையைக் குத்துவேன். திரையில் மண்டை உடையும்போது, மரச்சுத்தியால் தர்பூசணியைப் பிளப்பேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் ஹெட்போனைத் தூக்கிவிட்டு, "சரியா வரலக்கா, இன்னொண்ணு" என்பார். சரியாக வரும்வரை இன்னொன்று, அதற்குப் பிறகும் இன்னொன்று. ஆயிரம் கொலைக்குச் சத்தம் கொடுத்திருக்கிறேன். வீட்டில் கரப்பான்பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்தி வெளியே விடுகிறவள்.

நேற்று நீங்கள், "இத்தனை வருஷம் அடிதடியிலயே இருந்து மனசு மரத்துப்போச்சாம்மா?" என்று கேட்டீர்கள். அப்போது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஏறக்குறைய அதே வசனத்தைத்தான் என் மாப்பிள்ளையும் சொன்னார், சாவதற்குக் கொஞ்சம் முன்னால்.

மகளும் அவரும் என் பக்கத்து வீட்டில் குடியிருந்தார்கள். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தச் சுவர் வழியாக எட்டு மாதமாக ஒரு சத்தம் கேட்டது. மடித்த துண்டு தரையில் விழுவது போல, சின்னதாக, சப்பென்று. மகளிடம் கேட்டால், "மெத்தையைத் தட்டினேம்மா" என்பாள். பரவாயில்லையே, கல்யாணமான பிறகு சுத்தக்காரி ஆகிவிட்டாளே என்று பெருமைப்பட்டேன்.

எழுதவே கூசுகிறது. தோல் பெல்ட்டை இரண்டாக மடித்துச் சொடுக்கி, அறை என்றால் பளார் என்று கேட்கும் என ஊரையே நம்பவைத்தவள் நான். நம்பவைத்தவளே நம்பியும் தொலைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை அறை வாங்குகிறாள். இந்தப் பக்கம் நான் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் ஒரு இயக்குநர் வந்தார். பளார் வேண்டாம், நிஜம் மாதிரி இருக்கட்டும் என்றார். பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன். ஒலிப்பதிவாளர் உதட்டைப் பிதுக்கினார். "நீங்களே கேளுங்கக்கா. துண்டு விழுந்தாப்ல இருக்கு."

ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். என் வீட்டுச் சுவர்.

பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மகள் வீட்டுக் கதவைத் தட்டியபோது மத்தியானம் ஒரு மணி. மாப்பிள்ளைக்கு அன்று கடை விடுமுறை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. மகள் இடது கன்னத்து மேல் முடியை இழுத்து விட்டிருந்தாள். நான் விலக்கிப் பார்த்தேன். பிறகு அவரிடம் திரும்பி, "என் பிள்ளை மேல கை வச்சீங்களா?" என்று கேட்டேன்.

அவர் இல்லையென்று சொல்லவில்லை. "மறைக்க விரும்பல அத்தை. இந்தச் சண்டைப் படமா பார்த்துப் பார்த்து எனக்குள்ள என்னமோ ஆகிப்போச்சு. கை தானா போயிடுது." பிறகு லேசாகச் சிரித்தார். "அதுல பாதி நீங்க போட்ட சத்தம்தானே அத்தை. கேட்டாலே நரம்பு முறுக்கேறுது."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதே படங்களை என் மகளும் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தாள். அவள் கை யார் மேல் போனது? கடையில் வந்து கத்துகிற வாடிக்கையாளர் மேல் இவர் கை ஒரு நாளாவது போனதா? அங்கே கும்பிடு போட்ட கைதானே அது? வீட்டுக் கதவைச் சாத்தியதும் மட்டும் உள்ளே சினிமா புகுந்துவிடுமா? செய்கிறதைச் செய்துவிட்டுப் பழியைத் திரை மேல் போடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

மகள் நடுவில் வந்து நின்றாள். "விடும்மா. இனிமே டிவியே வேணாம்னு சொல்லிட்டார். யாருக்காவது தூக்கிக் குடுத்துடப் போறோம்."

"இப்பவே கழட்டுறேன் அத்தை, உங்க கண்ணு முன்னாடியே" என்று அவரும் எழுந்தார். முட்டி போட்டு, டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்து வயரைப் பிடுங்கினார். பை என் தோளில்தான் இருந்தது. பையில் மரச்சுத்தி இருந்தது.

முதல் அடிக்கு நான் பொறுப்பு. அது பெற்றவளின் கோபம். எந்த நீதிபதி முன்னாலும் நிமிர்ந்து நின்று சொல்வேன். அவர் பக்கவாட்டில் சாய்ந்தார். மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு இருக்கும்மா. போதும்மா, போதும்" என்றாள். அந்த ஒன்றோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டரும் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். மகள் என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். இருக்கட்டும், முதலில் அவள் கன்னம் ஆறட்டும்.

பிறகு ஏன் இன்னும் ஆறு அடி என்று நாலு தடவை கேட்டுவிட்டீர்கள். நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் நீங்களும் சினிமாவைத்தான் குற்றம் சொல்வீர்கள். படத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஐயா. முதல் அடி சரியாக வரவில்லை, அவ்வளவுதான். அத்தனை கனமான சுத்தி, துண்டு விழுந்தாற்போல ஒரு சத்தம். மகள் கையை விலக்கிவிட்டு இன்னொன்று போட்டேன். அதுவும் சப்பென்றுதான் இருந்தது. கொஞ்சம் தள்ளி நின்று, கையை இன்னும் உயரத் தூக்கிப் பார்த்தேன்.

ஏழாவது சரியாக வந்தது. சுத்தியைத் துடைத்துப் பையில் வைத்தேன்.