ஓரத்தில் என் பெயர்

இந்த அறையின் டியூப்லைட்டை யாரிடமாவது சொல்லி மாற்றுங்கள், அம்மா. முகத்தைப் பச்சையாகக் காட்டுகிறது. நீங்கள் களையான பெண். இந்த வெளிச்சத்தில் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தவர் போலத் தெரிகிறீர்கள். குறை சொல்வதாக நினைக்காதீர்கள். முப்பத்தெட்டு வருடம் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தவளுக்கு, எதிரே யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் வெளிச்சம்தான் கண்ணில் படும். ஆள் அப்புறம்தான்.

டீயைக் குடியுங்கள், ஆடை படிகிறது. நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். எழுத முடியாத வேகத்தில் போனால் கையைக் காட்டுங்கள், நிறுத்துகிறேன்.

அந்த வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். எனக்கு அறுபத்தாறு, அவளுக்கு எழுபத்தொன்று. முன்னறையைத் தடுத்துத்தான் ஸ்டூடியோ. பின்னால் சமையலறை, ஒரு படுக்கையறை, நடுவில் ஒரு மேசையும் அக்காவின் மூங்கில் நாற்காலியும். அவள் கணவர் போய்ச் சேர்ந்தபிறகு என்னோடு வந்துவிட்டாள். எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது, நின்றது, அதற்குமேல் யாரும் எடுக்கவில்லை. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, மருந்து வாங்கி வைத்தது, படுக்கையில் நிமிர்த்தி உட்கார வைத்து முதுகைத் தடவியது எல்லாம் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் நியாயமாக இருக்காது.

அக்கா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். கையால் இணைப்புக் கொடுத்த காலம். ஊரில் யார் எண்ணைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வாள் என்பதால் கூட வேலை செய்தவர்கள் அவளை ‘நம்பர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் மட்டும் கத்தி. தன்னைப் படம் எடுக்க விடமாட்டாள். தங்கை போட்டோ பிடிப்பவள், அக்காவுக்கு ஒரு படம் கிடையாது. யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

ஒருநாள் அவள் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்ததை எடுத்து என் பக்கத்தில் போட்டுவிட்டேன். செல்போனில் எனக்கென்று ஒரு பக்கம் வைத்திருக்கிறேன், எழுநூறு பேர் பார்ப்பார்கள். சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பெண் அவளிடம் காட்டிவிட்டாள்.

“என்னடி இது?”

“போட்டோ.”

“போட்டோன்னு எனக்கும் தெரியுது. வாயைப் பொளந்துகிட்டுக் கெடக்கறேன், ஊரே பாக்குது. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

“நான் எடுத்த படம்க்கா. எடுத்தவங்களுக்குத்தான் உரிமை. சட்டமே அப்படித்தான் சொல்லுது.”

“மூஞ்சி என்னோடதுடீ.”

“மூஞ்சி உன்னோடது. படம் என்னோடது.”

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். அதுதான் பொறுக்கவில்லை.

“இருபத்தெட்டு வருஷம் ஊர்ப் பேச்சு பூரா என் காது வழியாத்தான் போச்சு. யாரு யாரோட ஓடிப்போனா, யாரு வீட்ல யாரு அழுதா, அத்தனையும் தெரியும். கேட்டுட்டேங்கறதுக்காக அதெல்லாம் என்னோடது ஆயிடுமா? நான் லைன் குடுத்தவ, அவ்வளவுதான். நீ பொத்தானை அமுக்கறவ. அவ்வளவுதான்.”

படத்தை நீக்கிவிட்டேன். அவளுக்குப் பயந்து அல்ல. உண்மையில் அது நல்ல படம் இல்லை. ஆனால் ‘பொத்தானை அமுக்கறவ’ என்ற சொல் மட்டும் நெஞ்சில் மீன்முள்போல நின்றுவிட்டது. முப்பத்தெட்டு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் முகங்கள். காது தெரிய உட்காருங்கள், சிரிக்காதீர்கள், நேராகப் பாருங்கள். அதில் ஒன்றையாவது யாராவது சுவரில் மாட்டியிருப்பார்களா, செத்தபிறகு மாலை போடுவதற்குத் தவிர?

எங்கள் சமையலறையில் ஒரு கண்ணாடி ஜன்னல், வரிவரியாகக் கோடு போட்ட பழைய கண்ணாடி. எதிரே தண்ணீர்த் தொட்டி, அதையொட்டிப் புதிதாக எழும்பிய கட்டடம். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளி. வருடத்தில் பதினொரு நாள் மட்டும், நாலு மணி பத்து நிமிடத்துக்குச் சூரியன் அந்த இடைவெளிக்கு வரும். நாலு இருபத்தொன்றுக்குப் போய்விடும். அந்த நேரம் ஒரே ஒரு கற்றை உள்ளே வந்து நேராக அக்காவின் நாற்காலியில் விழும். கட்டடம் எழும்பியதிலிருந்து மூன்று வருடமாக நான் கணக்குப் பார்த்து வைத்திருந்தேன். இந்த வருடம் பத்து நாளும் மேகம். பதினோராவது நாள் வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது.

உங்களுக்கு ஒரு தொழில் விஷயம் சொல்கிறேன். கற்றை என்பது கண்ணுக்குத் தெரியாது. காற்றில் தூசு இருந்தால்தான் தெரியும். புகை போடுபவர்கள் உண்டு, பவுடர் தூவுபவர்கள் உண்டு. ஸ்டூடியோவில் பின்னால் தொங்கவிடும் பழைய திரை ஒன்று என்னிடம் இருந்தது, துவைத்துப் பல வருடம். அதை எடுத்து வந்து ஜன்னலருகே இரண்டு உதறு உதறினேன்.

“என்ன எழவுடி பண்றே? கேமராவைக் கீழ வை மொதல்ல,” என்றாள் அக்கா. அதற்குமேல் பேச்சு வரவில்லை.

அன்றைக்கு எடுத்தது மொத்தம் முப்பத்தேழு ஃபிரேம். எதையும் நான் அழிப்பதில்லை. நல்லதோ கெட்டதோ, எடுத்தது எடுத்ததுதான். பொறுப்பாக வேலை செய்பவர்கள் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

காரியம் எல்லாம் முடிந்து ஒன்பதாம் நாள், பதினெட்டாவது ஃபிரேமை என் பக்கத்தில் போட்டேன். கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில் என் பெயர். மேலே, “என் அக்கா. நான் எடுத்தது.” வேறு எதுவும் எழுதவில்லை.

நீங்களே பார்த்திருப்பீர்கள். கழுத்தை நிமிர்த்தி, கண்ணைப் பாதி மூடி, வாயை வட்டமாகத் திறந்து, ஒரு கையை முன்னால் நீட்டியிருக்கும் ஒரு வயதான பெண். சுற்றிலும் பொன்னாக இறங்கும் வெளிச்சம். பாடுகிறாள் என்று உலகம் முடிவு செய்துவிட்டது. ‘பாடும் பாட்டி’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அக்காவுக்கு ஒரு தாலாட்டுகூடத் தெரியாது, அம்மா.

இரண்டு வாரத்தில் லட்சக்கணக்கில் போய்விட்டது. எங்கேயும் என் பெயர் இல்லை. ஓரத்தை வெட்டிவிட்டார்கள். ஒருவன் சுற்றிலும் ரோஜாப்பூ ஒட்டி, மினுங்கும் எழுத்தில் ‘இனிய காலை வணக்கம்’ என்று போட்டான். ஒருத்தி அக்காவின் உதட்டுக்குச் சிவப்புப் பூசினாள். தொண்டை மிட்டாய் விற்பவன் ஒருவன் நீட்டிய கையில் தன் மிட்டாய் டப்பாவை வைத்தான். இன்னொருவன் ஏதோ கருவியால் உதடுகளை அசைய வைத்து ஒரு பாட்டையும் சேர்த்துவிட்டான். செத்துப்போன என் அக்கா தோளைக் குலுக்கிக் குலுக்கிப் பாடினாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அழுகிய பழத்தில் ஈ மொய்ப்பதுபோல இருந்தது. மனிதர்களுக்கு எப்படி இவ்வளவு கூச்சமில்லாமல் போகிறது என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். அடுத்தவர் உழைப்பு, அடுத்தவர் வீட்டுச் சாவு, எதிலும் கையை விட்டுத் துழாவுகிறார்கள். கழுவக்கூட மாட்டார்கள்.

அந்த இணையத்தளத்துக்காரர்களுக்குப் புகார் எழுதினேன். படிவத்தில் ஒரு கேள்வி: ‘நீங்கள் படத்தில் இருப்பவரா, படத்தை எடுத்தவரா?’ எடுத்தவர் என்று குறித்தேன். பதிலே இல்லை.

அப்புறம்தான் அந்தத் தம்பி. ‘ஒளிவேட்டைக்காரன்’ என்ற பெயரில் பக்கம் நடத்துகிறவன். நகரத்துப் புகைப்படச் சங்கத்தின் கண்காட்சிக்கு என் படத்தைத் தன் படம் என்று அனுப்பிவிட்டான். வாசலில் பெரிதாக மாட்டிவிட்டார்கள். நான் போய் நின்று பார்த்தேன். என் படம், ஆளுயரத்தில், அவன் பெயரோடு.

சங்கத்துக்காரர்கள் நல்லவர்கள். நான் போய் முறையிட்டதும், மூன்று நடுவர்கள், கண்காட்சிக்கு வந்திருந்த எழுபது எண்பது பேர், எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து இருவரையும் கேட்டார்கள்.

“நெட்ல கெடந்துச்சு சார். கொஞ்சம் வெட்டி, கலர் ஏத்தினேன். நெட்ல கெடக்கறது எல்லாருக்கும் பொதுதானே,” என்றான்.

“வாசல்ல ஒங்க பைக் நிக்குதே தம்பி,” என்றேன். “அதுவும் பொதுவா? வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகட்டுமா?”

கூடமே சிரித்தது. ஒரு நடுவர் எனக்காகக் கைதட்டினார். என் வாழ்க்கையில் எனக்காகக் கைதட்டிய முதல் கூட்டம் அது.

“அசல் இருக்காம்மா? முன்னும் பின்னும் எடுத்தது ஏதாவது?” என்று கேட்டார் பெரிய நடுவர். யார் எடுத்தது என்று நிரூபிக்க அதைவிட நல்ல வழி இல்லை. திருடியவனிடம் ஒரு படம்தான் இருக்கும்; எடுத்தவளிடம் வரிசையே இருக்கும். பையிலிருந்து கேமராவின் கார்டை எடுத்துக் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன்.

திரையில் ஒவ்வொன்றாக ஓடவிட்டார்கள். கீழே எண்ணும் நேரமும். ஒன்று, இரண்டு, மூன்று: அக்கா பேப்பர் படிக்கிறாள். மேசையில் டம்ளர், மூக்குக்கண்ணாடிக் கூடு, நீல நிற இன்ஹேலர். நான்காவதில் திரை உதறிய தூசு, பொன்பொடிபோல. “ஆகா,” என்றார் யாரோ. ஐந்தாவதில் அக்கா நெஞ்சில் கை வைத்திருக்கிறாள். ஆறாவதில் மேசை காலி.

எப்போதும் நான் செய்வதுதான், அம்மா. ஃபிரேமில் கண்ணை உறுத்தும் சாமானை ஒதுக்கிவிட்டுத்தான் எடுப்பேன். அந்த நீலம் அங்கே உட்காரவே இல்லை. எல்லாம் பழுப்பும் பொன்னுமாக இருக்கும்போது நடுவே ஒரு பிளாஸ்டிக் நீலம்.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பதினெட்டு வந்ததும் எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது. ஆனால் யாரும் கைதட்டவில்லை. இருபத்துமூன்றில் உதடு நிறம் மாறியிருந்தது. இருபத்தாறில் அக்கா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்க்கிறாள். “நிறுத்துங்க சார், போதும்,” என்று பின்வரிசையில் ஒரு பெண் குரல். ஓட்டுகிறவர் நிறுத்தவில்லை, விரல் பொத்தானிலேயே மரத்துப்போயிருக்க வேண்டும்.

“அந்த நீல மருந்து எங்கம்மா போச்சு?” என்று கேட்டார் பெரிய நடுவர். மெதுவாகத்தான் கேட்டார்.

“என் மேல்சட்டைப் பாக்கெட்ல வச்சிருந்தேன்.”

அந்தத் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தான். கதவுவரை போனவன் திரும்பிப் பார்த்து, “படம் ஒங்களோடதுதான் பாட்டிம்மா. எனக்கு வேணாம். எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல,” என்றான். வெளியே அவன் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. மூன்று நடுவர்களும் அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்: இந்தப் படத்தை எடுத்தவர் இவரே. நான் நகல் கேட்டேன். யாரும் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. அரை மணியில் உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அருவருப்பு. ஒரே நாளில் எல்லோரும் படத்தை நீக்கிவிட்டார்கள். ரோஜாப்பூக்காரன், மிட்டாய்க்காரன், எல்லோரும். தளத்துக்காரர்கள்கூட, என் புகாருக்கு அசையாதவர்கள், இப்போது தாங்களாகவே என் பக்கத்தையே மூடிவிட்டார்கள். அழகு என்று உச்சி முகர்ந்தவர்கள்தானே? படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லையே.

நீங்கள் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டதைக் கவனித்தேன். பரவாயில்லை. டீயைத்தான் வீணாக்கிவிட்டீர்கள்.

இரண்டு கேள்வி கேட்டீர்கள். டாக்டர் வந்தபோது இன்ஹேலர் எப்படி அக்காவின் கையில் இருந்தது என்பது ஒன்று. நான்தான் கொடுத்தேன். வெளிச்சம் போனதும் கொடுத்துவிடலாம் என்றுதான் ஆரம்பத்திலிருந்தே இருந்தேன். வெளிச்சம் பதினொரு நிமிடம் நின்றது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நாலு இருபத்தொன்றுக்குப் போனது. உடனே போய்க் கையில் வைத்து, விரல்களை நானே ஒவ்வொன்றாக மடக்கினேன். அதையும் ஒன்று எடுத்திருக்கிறேன், முப்பத்தேழாவது. தேறாது. வெளிச்சமே இல்லை.

அக்கா சம்மதித்தாளா என்பது இன்னொன்று. இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன், அம்மா. போன தடவை கேட்கவில்லை என்றுதானே அவளுக்குக் குறை. “ஒண்ணே ஒண்ணுக்கா, எடுத்துக்கறேன்,” என்றேன். அவள் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். வாய் ‘கொடு’ என்று சொல்லப் போய் அந்த முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. அந்த வட்டம்தான் நீங்கள் பார்ப்பது. தலை இரண்டு மூன்று தடவை ஆடியது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்றால் அவள் வாயைத் திறந்து சொல்லியிருப்பாள். வாய் சும்மா இருக்கிறவள் இல்லை அவள்.

சரி, எங்கே கையெழுத்து? இங்கேயா? போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். கோப்பில் அந்தப் படத்தை ஒட்டும்போது இடம் போதவில்லை என்று ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். ஓரத்தில்தான் என் பெயர் இருக்கிறது.