பைண்டிங்கில் விட்டுப்போன கதை

லோகநாயகி: அதெல்லாம் ஒண்ணியும் காணாம போவல. நல்லா பாரு வசந்தா. சித்திரையிலேர்ந்து புரட்டாசி வரைக்கும் இருவத்திமூணு கதை. நானே வாராவாரம் வர்ற புக்குலேர்ந்து கிழிச்சு, எண்ணி, பைண்டிங்குக்கு குட்த்தேன்.

வசந்தகுமாரி: இருவத்திமூணும் இருக்குக்கா. இருவத்திநாலாவதத்தான் கேக்கறேன்.

லோகநாயகி: அது இன்னாது புதுசா?

வசந்தகுமாரி: ஆடி ரெண்டாவது வாரம் வந்த கதை. அதுக்கு முந்தின வாரத்துக் கதையும் இருக்கு, அடுத்த வாரத்துக் கதையும் இருக்கு. நடுவுல அது மட்டும் இல்ல.

லோகநாயகி: பூந்தமல்லி பைண்டிங்காரன் உட்டுட்டிருப்பான். அவனப் பத்தி தெரியாதா? போன வருசம் தொடர்கதை நடுவுல சமையல் குறிப்ப வச்சு தச்சுட்டான். ஒரு பக்கத்துல அவ அழுதுகினு கீறா, திருப்புனா வத்தக்கொழம்பு!

வசந்தகுமாரி: சிரிக்க வைக்காதீங்கக்கா... உதடு இழுக்குது.

லோகநாயகி: உதட்டுல இன்னா?

வசந்தகுமாரி: ஒண்ணுமில்ல. பல்லு வெளக்கும்போது பிரஷ் குத்திடுச்சு.

லோகநாயகி: ம்... தேங்கா எண்ண தடவு.

வசந்தகுமாரி: தடவிருக்கேன். பைண்டிங்காரர நான் கேட்டுட்டேன்க்கா. "அந்தம்மா குடுத்ததே இருவத்திமூணுதாம்மா"ன்னாரு.

லோகநாயகி: நீ போயி கேட்டியா? ஒரு கதைக்காகவா ஆவடியிலேர்ந்து பஸ் ஏறி பூந்தமல்லி போன?

வசந்தகுமாரி: வேற ஒரு வேலையும் இருந்துச்சு. அத அப்புறமா சொல்றேன்.

லோகநாயகி: ஏன் இப்ப சொன்னா இன்னா? சரி... அந்தக் கதை உனக்கு இன்னாத்துக்கு?

வசந்தகுமாரி: எனக்கில்ல. அவருக்கு. நாளான்னிக்கு ஞாயித்துக்கெழம வாசகர் வட்டத்துல அதப் பத்தித்தான் பேசப் போறாரு. கிளப் வாசல்ல போர்டே எழுதியாச்சு. "இந்த ஆண்டின் சிறந்த சிறுகதை. உரை: போர்மேன் சண்முகசுந்தரம்."

லோகநாயகி: போர்டுலகூட போர்மேன்னு போட்டுகினாரா உங்கூட்டுக்காரரு?

வசந்தகுமாரி: அது இல்லாம எப்படி?

லோகநாயகி: ஆனா நல்லா பேசறாரும்மா, அத்த சொல்லணும். பொங்கல் விழாவுல பேசுனாரே... பொம்பள கண்ணீரு உழற ஊடு வெளங்காதுன்னு. எங்கூட்டுக்காரரு கை தட்டி தட்டி ரெண்டு கையும் செவந்துகினு வந்தாரு.

வசந்தகுமாரி: சம்பத் அண்ணன் தட்டித்தானே ஆகணும். இவருக்குக் கீழல்ல வேல பாக்கறாரு.

லோகநாயகி: ...அதுவும் உண்மதான்.

வசந்தகுமாரி: நீங்க அந்தக் கதைய படிச்சீங்களாக்கா?

லோகநாயகி: படிச்சிருப்பேன். வாரத்துக்கு ஒண்ணு வருது, எது ஞாபகம் கீது? அரிசி ஊறப்போட்டதே மறந்துடுது.

வசந்தகுமாரி: நான் வேணா சொல்லட்டுமா? ஞாபகம் வரும்.

லோகநாயகி: அப்பால சொல்லு. அடுப்புல பருப்பு கீது...

வசந்தகுமாரி: அடுப்பு எரியலக்கா. சொல்லட்டுமா?

லோகநாயகி: சொல்லித் தொல.

வசந்தகுமாரி: ஒரு குவார்ட்டர்ஸ். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே செவுரு. இந்தப் பக்கம் ஒருத்தன், பொண்டாட்டிய அடிக்கறான். சோத்துல கல்லுன்னு ஒரு நாளு. கூப்பிட்டப்ப உடனே திரும்பலன்னு ஒரு நாளு. அந்தப் பக்கம் ஒரு அக்கா. ரொம்ப நல்லவங்க. மீன் கொழம்பு வச்சா ஒரு கிண்ணம் இந்த வீட்டுக்கு வந்துடும்.

லோகநாயகி: நிறுத்திட்ட... இன்னா?

வசந்தகுமாரி: இங்க சத்தம் கேட்ட ஒடனே அந்தக்கா மிக்ஸி போடுவாங்க. ஜார்ல ஒண்ணும் இருக்காது. காலி ஜாரு. தேங்கா கெடந்தா ஒரு சத்தம், மொளகா கெடந்தா ஒரு சத்தம். ஒண்ணுமே இல்லன்னா அது வேற சத்தம். அடி வாங்கறவளுக்கு அது தெரியும். கீழ சுருண்டு கெடக்கும்போது அதத்தான் கேட்டுக்கிட்டிருப்பா.

லோகநாயகி: போதும் வசந்தா.

வசந்தகுமாரி: ஞாபகம் வந்துடுச்சா?

லோகநாயகி: மறந்தாத்தானே வர்றதுக்கு! மூணு நாளு சோறு எறங்கல எனக்கு. எந்த ஊர்க்காரியோ, எவளோ... எங்கூட்டு சமையக்கட்டுக்குள்ள வந்து நின்னு பாத்தா மாதிரி எழுதிக்கீறாளே, இவளுக்கு எப்படி தெரிஞ்சுது? அந்த மிக்ஸி ரெண்டு தபா காயில் போயிடுச்சு. "இன்னாத்த போட்டு அரைக்கற நீ?"ன்னு இவரு கத்துனாரு. இன்னான்னு சொல்லுவேன்?

வசந்தகுமாரி: எழுதினவங்க பேரு பாத்தீங்களா?

லோகநாயகி: பாத்தேனே. என்னமோ செல்வி. பொருநைச்செல்வி. பொருநைன்னா இன்னாது?

வசந்தகுமாரி: ஆறு. தாமிரபரணிக்கு அப்படி ஒரு பேரு உண்டு. எங்க ஊரு ஆறு.

லோகநாயகி: ஓ... உங்க ஊரு... 

வசந்தகுமாரி: ஆமாக்கா.

லோகநாயகி: அடியே... நீயா?

வசந்தகுமாரி: நான்தான்.

லோகநாயகி: ஐயோ... கடவுளே. உங்கூட்டுக்காரருக்கு தெரியுமா?

வசந்தகுமாரி: தெரியாது. அந்த வாரம் அவரு கண்ணாடி ரிப்பேருக்குப் போயிருந்துச்சு. என்னையத்தான் படிக்கச் சொன்னாரு. நான் எழுதினத நானே படிச்சேன். பாதியிலயே அவரு கண்ணு கலங்கிடுச்சு.

லோகநாயகி: அவரு அழுதாரா?

வசந்தகுமாரி: அழுதாரு. "இவனெல்லாம் ஒரு மனுஷனா? சோறு திங்கறானா, வேற எதையும் திங்கறானா?"ன்னாரு. அவருக்கு புரிஞ்சுடுச்சு, இனிமே கை நீட்ட மாட்டாருன்னு நெனச்சேன். அதுக்குத்தான் நான் எழுதினதே.

லோகநாயகி: அப்பறம்?

வசந்தகுமாரி: மறுநாள் காலைல... காப்பி ஆறிடுச்சு.

லோகநாயகி: காப்பிக்கா?

வசந்தகுமாரி: காப்பிக்குத்தான். டம்ளரோட.

லோகநாயகி: இந்த உதடு?

வசந்தகுமாரி: இது நேத்து. ரசத்துக்கு.

லோகநாயகி: பாவி... பாவி மனுசன். அந்த வாயால மேடையில...

வசந்தகுமாரி: அவரு நடிக்கலக்கா. அதான் எனக்கு பயமா இருக்கு. நெசமாவே அழுதாரு. எங்க வீட்டு அலமாரியப் பாத்திருக்கீங்கள்ல? அத்தன புஸ்தகம். ஒவ்வொண்ணுலயும் செவப்பு பேனாவால கோடு போட்டு வச்சிருக்காரு. எங்கெல்லாம் ஒருத்தி கஷ்டப்படறாளோ அங்கெல்லாம் கோடு. கல்யாணமாகி வந்த புதுசுல அந்தக் கோடெல்லாம் பாத்து, எவ்ளோ எளகின மனசுன்னு கும்பிட்டிருக்கேன்.

லோகநாயகி: அந்தக் கோடெல்லாம் உம் முதுகுலயும் போட்டுட்டாரு.

வசந்தகுமாரி: படிச்சா மனுஷன் திருந்துவான்னு நம்பிட்டேன்க்கா. படிச்சு அழுதா, அதோட கடமை முடிஞ்சுதுன்னு ஆயிடுது போல. அவரு படிச்சாரு, அழுதாரு, போர்டு எழுதிட்டாரு. நீங்க படிச்சீங்க, ஒளிச்சு வச்சுட்டீங்க. உறைச்சவங்கதானே ஒளிப்பாங்க? இருவத்திமூணு கதைதான்னு பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இந்தக் கதைய ஒருத்தங்க சரியா படிச்சிருக்காங்கன்னு. அதான் உங்ககிட்ட வந்தேன்.

லோகநாயகி: எங்கிட்ட இன்னாத்துக்கு?

வசந்தகுமாரி: பூந்தமல்லியில வேற ஒரு வேலன்னு சொன்னேன்ல? கோர்ட்டுக்குப் பக்கத்துல ஒரு லேடி வக்கீல் இருக்காங்க. அவங்களப் பாக்கத்தான் போனேன்.

லோகநாயகி: வக்கீலா? வசந்தா, இன்னா பண்ணப் போற நீ?

வசந்தகுமாரி: போயிடப் போறேன். நாளைக்கு அவரு டூட்டிக்குப் போனதும் பாப்பாவக் கூட்டிகிட்டு எங்க அண்ணன் வீட்டுக்கு. இனிமே இங்க இருக்க முடியாதுக்கா. அந்த எழுத்தாளரக் கூப்பிட்டு பொன்னாட போத்தணும்னு போன வாரம் பத்திரிக ஆபீசுக்கு லெட்டர் போட்டுட்டாரு. அவங்க பதில்ல என் நெசப் பேரும் விலாசமும் வந்துட்டா...

லோகநாயகி: உசுரோட உடமாட்டாரு.

வசந்தகுமாரி: அதான். வக்கீலம்மா சொல்றாங்க, பாப்பாவ அவரு பிடுங்கிடாம இருக்கணும்னா, அடிச்சதுக்கு சாட்சி வேணுமாம். நான் சொன்னா மட்டும் நிக்காதாம். "கதை எழுதற பொம்பள, இதையும் கற்பன பண்ணி எழுதிட்டா"ன்னு சொல்லிடுவாங்களாம். காதால கேட்டவங்க ஒருத்தர் எழுதிக் குடுத்தாப் போதும்னாங்க. இதோ... தாள் கொண்டுவந்திருக்கேன். ஒரு கையெழுத்துக்கா.

லோகநாயகி: நீ இன்னா கேக்கறன்னு தெரிஞ்சுதான் கேக்கறியா?

வசந்தகுமாரி: தெரியும்.

லோகநாயகி: எங்கூட்டுக்காரரு ஒரு லீவு கேக்கணும்னாலும் உங்கூட்டுக்காரரு எதுரதான் கையக் கட்டிகினு நிக்கணும். ரிட்டையராவ நாலு வருசம் கீது. இந்த ஊடு கவருமெண்டு ஊடு. அவரு ஒரு வார்த்த எழுதுனா எங்கூட்டுக்காரர தூக்கி எங்கனா அடிச்சுடுவாங்க.

வசந்தகுமாரி: உங்களுக்கு கஷ்டந்தான்.

லோகநாயகி: குவார்ட்டர்ஸே கைகொட்டி சிரிக்கும். "அடுத்தவ குடும்பத்த கெட்த்தா"ன்னு என்னத்தான் சொல்லும். ஊர் வாய மூட ஒலமூடி கீதா? எதனா பெரியவங்கள வச்சு பேசிப் பாக்கலாம்மா. அடிக்கிற கைதான் அணைக்கும்னு...

வசந்தகுமாரி: இதத்தான் ரெண்டு வருஷம் முன்னாடியும் சொன்னீங்க. நானும் இருந்தேன்.

லோகநாயகி: ...சொன்னேன். என் வாயி அழுவிப் போவ.

வசந்தகுமாரி: சே, விடுங்க.

லோகநாயகி: இல்ல வசந்தா. நான் கெட்டவ இல்லடி. ஒவ்வொரு தபாவும் கதவத் தட்டணும்னு எழுந்துப்பேன். வாசப்படி வரைக்கும் வருவேன். அப்பால திரும்பி வந்து சுச்சப் போட்டுடுவேன். உன் குரலு கேட்டா எனக்கு தாங்காது. அதுக்குத்தான் அந்த மிக்ஸி. உனக்கு கேக்கும்னு நான் நெனச்சே பாக்கல.

வசந்தகுமாரி: போன செவ்வாக்கெழம நீங்க போடல.

லோகநாயகி: நான் ஊட்ல இல்ல. நசரத்பேட்டைக்குப் போயிருந்தேன்... பொண்ணு ஊட்டுக்கு.

வசந்தகுமாரி: அப்பறந்தான் தெரிஞ்சுது. அன்னிக்கு அவரு அடிச்சது கொஞ்சந்தான். ஆனா இத்தன வருஷத்துல அன்னிக்குத்தான் நான் ரொம்ப பயந்தேன். மிக்ஸி சத்தம் வரல. பக்கத்துல ஒரு ஆளுகூட இல்ல, இனி செத்தாலும் யாருக்கும் கேக்காதுன்னு தோணிடுச்சு. அந்தக் காலி ஜார் சத்தம் இருந்தா... யாரோ ஒருத்தருக்குக் கேக்குதுன்னாவது இருக்கும்.

லோகநாயகி: ஐயோ... அப்படிச் சொல்லாத. அதுக்கு நீ என்ன செருப்பால அடிச்சிருக்கலாம்.

வசந்தகுமாரி: அழாதீங்கக்கா. உங்கள அழவைக்க வரல. இன்னொருத்தர் அழுதத பாத்துட்டேன், போதும். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க, கோவமே இல்ல. நான் போய் துணிய எடுத்து வைக்கணும். பாப்பா வேற வந்துடும்.

லோகநாயகி: ஒக்காரு.

வசந்தகுமாரி: இல்லக்கா, நேரமாச்சு...

லோகநாயகி: ஒக்காருன்றேன்ல! பேனா வச்சிருக்கியா?

வசந்தகுமாரி: ...இருக்கு.

லோகநாயகி: குடு. எங்க போடணும்?

வசந்தகுமாரி: படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க.

லோகநாயகி: இதுல இல்லாதது எதனா எழுதிக்கீறியா?

வசந்தகுமாரி: இல்ல. பாதிகூட எழுதல.

லோகநாயகி: அப்ப காட்டு. தோ இங்கயா? ...லோகநாயகி. கீழ எங்கூட்டு நம்பரும் போட்டுடறேன். எந்த ஊட்டுக்காரின்னு தெரியணும்ல. அப்பறம், கோர்ட்டுக்கு வரணும்னாலும் சொல்லி அனுப்பு. வந்து சொல்றேன்.

வசந்தகுமாரி: அக்கா... சம்பத் அண்ணன்?

லோகநாயகி: அவரு குதிப்பாரு. குதிக்கட்டும். அத்த நான் பாத்துக்கறேன்.

வசந்தகுமாரி: இவ்ளோ நேரம் முடியாதுன்னுதானே சொல்லிகிட்டிருந்தீங்க? என்மேல பரிதாபப்பட்டு போட்டீங்களா?

லோகநாயகி: பரிதாபமா... நாலு வருசமா அதான பட்டுகினு கீறேன், அதுல இன்னா ஆச்சு? நீ நெனைக்கற மாதிரி அந்தக் கதைய நான் வெக்கப்பட்டு ஒளிச்சு வைக்கல வசந்தா.

வசந்தகுமாரி: பின்ன என்னத்துக்கு எடுத்தீங்க?

லோகநாயகி: எம் பொண்ணுக்கு. கல்யாணமாயி ஒம்போது மாசம் ஆவுது, ரெண்டு கையிலயும் சூட்டுத் தழும்பு. யாருகிட்டயும் நான் சொல்லல, உங்கிட்டகூட. செவ்வாக்கெழம அந்த நாலு பக்கத்தையும் மடிச்சு எடுத்துகினு போயி, அவ பக்கத்து ஊட்டுக்காரிகிட்ட குட்த்து, "இத்த படிச்சுப் பாரும்மா, எம் பொண்ணுக்காக ஒரு வார்த்த வந்து சொல்லும்மா"ன்னு கையெடுத்து கும்புட்டேன்... வாசல்லயே நின்னு, ஒரு வரி உடாம படிச்சா. படிச்சு முடிச்சு, "கதை ரொம்ப நல்லா கீதும்மா"ன்னு திருப்பி எங்கையில குட்த்துட்டு, கதவ சாத்திகினா.