சாயாத வேன்

இல்லீங்க சார், வண்டிக்கு எப்சி வாங்க வரலீங்க. வண்டியே கொண்டாரலீங்க, பஸ்ஸுலதான் வந்தேன். அஞ்சு நிமிசம் கேட்டீங்கன்னாப் போதும். உக்காரலீங்க, பரவால்லீங்க, நிக்கறேன்.

என்னைய மறந்திருப்பீங்க. போத்தனூர்ல ஒர்க்‌ஷாப்பு வெச்சிருக்கறனே, காளிச்சாமிங்க. ரெண்டு வருசமாச்சு. ஆக்சிடென்ட் ஆன ஒரு வேன, ஸ்டேசன்ல எடமில்லைன்னு என்ற செட்டுலதான் நிறுத்துனாங்க. பிரேக் இன்ஸ்பெக்டருன்னு நீங்கதான் வந்து ஓட்டிப் பாத்தீங்க. ஆமாங்க, தேங்கா வேன். அந்த மாசாணியம்மா கேஸேதானுங்க. ரோட்டத் தாண்டறப்ப அடிபட்டு, ஒரு கால எடுத்துப்போட்டாங்களே, அந்தம்மா.

அந்த வேனுக்கு வேலை பாத்தது நாந்தானுங்க. லோடு ஏத்துனாப் பின்னாடி உக்காந்துக்குதுன்னு ஓனரு மோகன்குமார் கொண்டாந்து உட்டாரு. இந்தப்பக்கம் ஓனருங்களுக்கெல்லாம் அதே ஆசைதானுங்க, எத்தன தேங்கா ஏத்துனாலும் வண்டி சாயாம நிக்கோணும். பின் சக்கரத்து ஸ்பிரிங்குல நாலு பட்டை இருந்த எடத்துல அஞ்சாவதா ஒண்ணு சேத்துப்போட்டேன். ரெண்டு பக்கமும். சும்மா குதிரையாட்ட நின்னுச்சுங்க. பாத்து எனக்கே பெருமை.

உங்களுக்குத் தெரியாததில்லீங்க. வண்டி பின்னாடி எவ்வளவு அமுங்குதோ அத வெச்சுத்தான அந்த வால்வு பின் பிரேக்குக்குப் பிரசர உடும்? நான் அமுங்கவே உடாமப் பண்ணிப்போட்டேன். எத்தன லோடு இருந்தாலும் வால்வு காலி வண்டின்னு நெனைச்சுக்கும். பின் சக்கரம் பேருக்குத்தான் புடிக்கும், நிறுத்தற எடத்துல நிக்காது. வால்வுக் கம்பியப் பட்டைக்குத் தக்கன மாத்தி வெக்கோணும். பத்து நிமிச வேலைங்க. மறக்கலீங்க சார், அப்பொறம் பாத்துக்கலாம்னு உட்டுட்டேன். இருபத்தாறு வருசமா இதே தொழிலுங்க. சொல்றதுக்கே நாக்கூசுது.

டிரைவரு ராசப்பன் தங்கமான மனுசனுங்க. மிதிச்சேன், நிக்கலைன்னு மொத நாளே சொன்னான். யாரு நம்பறாங்க? பிரேக்குல கோளாறில்லைன்னு உங்க ரிப்போர்ட்டு இருக்குதே. வர்ற செவ்வாய்க்கெழம தீர்ப்பு. உள்ள போட்டுருவாங்கன்னு வக்கீல் சொன்னாராம். போன வாரம் பட்டறைக்கு வந்தானுங்க. ஏனுங்ணா, நான் மிதிக்கறதுக்குத்தான் சொணங்கிப்போட்டனாட்ட இருக்குதுங்கறான். கால் நரம்புல ஏதாச்சும் இருக்குமோன்னு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வாரானுங்க சார். வடையப் பிச்சு எனக்குப் பாதி குடுத்தான்.

ஐயோ, உங்க மேல தப்பில்லீங்க. நீங்க மிதிச்சப்ப வண்டி நின்னுச்சு, நின்னதத்தான் எழுதுனீங்க. அன்னைக்கு ரிப்போர்ட்டுல சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவ நீட்டுனீங்க. கையெல்லாம் கிரீஸா இருக்குதுங்கன்னு தொடைச்சுட்டு வாங்குனேன், ஞாபகம் இருக்குங்களா? நீங்க வாரீங்கன்னு ஸ்டேசன்ல இருந்து முன்னாடியே போன் வந்துருச்சுங்க சார். நீங்க வந்து எறங்கறதுக்குள்ள அந்த அஞ்சாவது பட்டைய ரெண்டு பக்கமும் கழட்டி, சாக்கப் போட்டு மூடிப்போட்டு வந்திருந்தேன்.